பேரியாட்ரிக் ஆபரேஷனுக்குப் பிறகு: பாலாடையில் தொடங்கும் முதல் வருடம்

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷனில் ஒரு வகைதான் ஸ்லீவ். எனக்கு அது நடந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று அக்கம்பக்கத்திலிருந்து சிலர் சென்னை ராயபுரத்தில் எங்கள் வீடு தேடி வந்து விசாரித்திருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, மாசத்துக்கு எத்தனை கிலோ இறங்கும்?" அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்து முதல் மாதத்தில் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எடை இறங்காமல் போகவில்லை. தண்ணீர் போதாமல் மயக்கம் வந்து போனார்கள், இல்லை என்றால் வாந்தி நிற்காமல் போனார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் கிலோவைவிட மில்லிலிட்டர்தான் அதிகம் வரும்.

உங்கள் வயிற்றில் என்ன செய்திருக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விட்டிருப்பார்கள். அதில் 100 முதல் 150 மில்லிதான் பிடிக்கும். இன்னொரு வகையான பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பக்கம் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை. அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்திருப்பார்கள். சத்து உறிஞ்சப்படும் வழியே மாறிவிடுவதால் பைபாஸ்காரர்களுக்கு மாத்திரை விஷயத்தில் கண்டிப்பு கூடுதல். ஸ்லீவில் பசியைத் தூண்டும் ஹார்மோன் சுரக்கும் பகுதியும் வெட்டியதோடு போய்விடுகிறது. ஆரம்ப மாதங்களில் பசியே தெரியாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பசியும் தாகமும் ஞாபகப்படுத்தாததால் நாள் முழுக்க ஒன்றும் குடிக்காமலே இருந்துவிட முடியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது

ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கச் சொல்வார்கள். வலிக்கிறதே என்று மறுக்காதீர்கள். காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய்விடாமல் இருக்கத்தான் அந்த நடை, அந்த இறுக்கமான காலுறை, வயிற்றில் போடும் ஊசி எல்லாம். மூன்று பந்து இருக்கும் ஒரு கருவியைக் கொடுத்து மூச்சை இழுக்கச் சொல்வார்கள். அதையும் விளையாட்டாக விட்டுவிடாமல் செய்யுங்கள், சளி கட்டாமல் இருக்கும். லேப்ராஸ்கோபியின்போது (சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) வயிற்றுக்குள் நிரப்பிய வாயுவால் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கும். நடக்க நடக்கக் குறையும்.

சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு டிஸ்சார்ஜ் அன்று நாலு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். டயட்டீஷியன் ஐந்தே நிமிடத்தில் ஒப்பித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா மகனை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதச் சொல்லி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நீங்கள் இதை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்கலாம். முக்கியமாக சுகர், பிரஷர் மாத்திரைகளில் எது நிறுத்தம், எது பாதி என்று எழுதி வாங்குங்கள். சாப்பாடு குறைந்தவுடன் சுகர் வேகமாக இறங்கும். பழைய அளவிலேயே மாத்திரை போட்டால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழ வேண்டியதுதான். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். கட்டிலிலிருந்து எழும்போது தலை சுற்றினால் உடனே போன் செய்து சொல்லுங்கள்.

முதல் பதினைந்து நாள்: நூறு பாலாடை

வீட்டுக்கு வந்த அன்று ஒரு டம்ளர் தண்ணீரை வழக்கம் போல அண்ணாந்து குடிக்கப் போனேன். இரண்டாவது மடக்கிலேயே நெஞ்சுக்குக் கீழே கத்தி போல் ஒரு வலி. பக்கத்தில் இருந்த ஆயா (பாட்டி) எழுந்து போய், என் பிள்ளைகளுக்கு மருந்து புகட்டிய வெள்ளிப் பாலாடையை அலமாரியிலிருந்து எடுத்து வந்து கையில் கொடுத்தாங்க. இருமல் மருந்து மூடியில் அளந்து பார்த்தேன். சரியாக 15 மில்லி. அதற்குப் பிறகு எல்லாமே பாலாடையில்தான்.

கணக்கு இதுதான். ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். 15 மில்லி பாலாடையில் அது நூறு தடவை. விழித்திருக்கும் நேரம் 16 மணி என்றால் மணிக்கு ஆறு ஏழு பாலாடை. அதாவது ஒன்பது பத்து நிமிடத்துக்கு ஒன்று. முதல் இரண்டு மூன்று நாளில் யாருக்கும் அவ்வளவு முடியாது. மெல்ல மெல்ல ஏற்றுங்கள். பாலாடை இல்லாவிட்டால் மருந்து மூடி போதும். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். கருமஞ்சளாகி, நாக்கு ஒட்டினால் போதவில்லை. எனக்கு ஆபரேஷன் நடந்தது மார்ச் கடைசியில். ஏப்ரல் வெயிலில் கரண்ட் போன ஒரு மத்தியானம் மட்டும் கணக்கு தவறி, சாயங்காலம் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தேன். நாள் குறிக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தால் கத்திரி வெயிலைத் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீரோடு வடிகட்டிய மோர், பருப்புத் தண்ணீர், காரம் இல்லாத வடிகட்டிய கோழி சூப், இளநீர் என்று மாற்றி மாற்றிக் குடிக்கலாம். டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஆடை எடுத்த பாலும் புரோட்டீன் பவுடர் கரைத்த தண்ணீரும் சேரும். கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள் இளநீருக்கும் புரோட்டீன் பவுடருக்கும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கோலி சோடா, பன்னீர் சோடா, கரும்புச்சாறு, ரோஸ் மில்க், நம் தெருமுனை ஸ்ட்ராங் டீ எதுவும் இப்போது வேண்டாம்.

அப்புறம் குடம். லாரித் தண்ணீர் வந்தால் நம் வீட்டுப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு குடம் 15 கிலோவுக்குக் குறையாது. கேன் தண்ணீர் 20 கிலோ. முதல் நாலு முதல் ஆறு வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. பம்பு அடிக்கவும் கூடாது. வீட்டில் யார் தண்ணீர் பிடிப்பது என்று ஆபரேஷனுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

இதை வீட்டில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும். தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால் அது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும். சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது, 101 டிகிரி காய்ச்சல், குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வயிற்று வலி, நின்றுபோன தோள் வலி திரும்ப வருவது, மூச்சு வாங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மலம் கறுப்பாகப் போவது, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் போன் போடுங்கள். கைவைத்தியம் செய்து பார்க்கும் நேரம் இல்லை இது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் "பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆனவங்க" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாந்தி நாள்கணக்கில் இருந்தவர்களுக்கு பி1 வைட்டமின் தீர்ந்துபோய் நரம்பு பாதிக்கும். குளுக்கோஸ் ஏற்றும் முன் அதைக் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும், ஆனால் ஆபரேஷன் நடந்ததை நாம்தான் சொல்ல வேண்டும்.

மசித்தது, குழைந்தது, அப்புறம் மென்றது

பொதுவாக மூன்று, நாலாம் வாரத்தில் மிக்ஸியில் அடித்த கூழ்ப் பதம், ஐந்து, ஆறாம் வாரத்தில் குழைவான சாப்பாடு, இரண்டு மாதத்துக்கு மேல் சாதாரணச் சாப்பாடு என்று போகும். உங்கள் டாக்டர் கொடுத்த அட்டவணை கொஞ்சம் மாறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இந்தக் கட்டத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஆறாம் வாரம் சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்பு. பந்தியில் ஒரே ஒரு இட்லிதான் வைத்துக்கொண்டேன். இட்லிதானே, குழைவாகத்தானே இருக்கிறது என்று பக்கத்தில் இருந்த அண்ணியிடம் பேசிக்கொண்டே நாலு வாயில் முடித்துவிட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போல் அடைத்தது. மூக்கு ஒழுகியது, வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று ஒரு மடக்கு குடித்தேன், அது இன்னும் மோசம். மண்டபத்துப் பின்பக்கம் போய் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் அடங்கியது.

அன்றிலிருந்து டீஸ்பூனில்தான் சாப்பிடுகிறேன். ஒரு வாயை இருபது தடவைக்கு மேல் மென்று, கூழானபின் விழுங்கி, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வாய். ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. முன்னாலும் பின்னாலும் அரை மணி இடைவெளி. போதும் என்று வயிறு சொல்லும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல், எனக்கு மூக்கு ஒழுகும். அந்த அடையாளம் வந்தபின் ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். மிச்சம் வீணாகிறதே என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

புரதம்: காசிமேடு மீன் துறைமுகத்துப் பக்கத்தில் இருப்பவர்களின் வசதி

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும், ஆள் சோர்ந்துவிடுவார். முட்டை ஒன்றில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஆறு ஏழு கிராம், 100 கிராம் பன்னீரில் 18 அளவுக்கு, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு இருக்கிறது. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், வயிற்றில் இடம் மிச்சம் இருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். சோற்றில் தொடங்கினால் மீனுக்கு இடம் இருக்காது. புரோட்டீன் பவுடர் ஆரம்ப மாதங்களுக்கு அவசியம்தான், ஆனால் விலை அதிகம். மென்று சாப்பிட முடிந்தபின் மீனும் முட்டையும் அந்த வேலையைச் செய்யும்.

எனக்கு மீன் சாப்பிடும் கட்டம் வந்தபோது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பைபர் படகில் வரும் மீன்தான், அதுவும் விலை ஏறியிருக்கும். முள் நிறைந்த சின்ன மீன் இந்த நேரத்தில் ஆகாது. ஒரு முள் சிக்கினாலும் அவஸ்தை. கிடைத்த சங்கராவை வேகவைத்து, முள் எடுத்து, உதிர்த்து, ரசத்தில் நனைத்துச் சாப்பிட்டேன். ஜூன் பிற்பகுதியில் பால்சுறா வர ஆரம்பித்தது. சுறாப்புட்டு நமக்கென்றே செய்தது போன்ற சாப்பாடு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்களே, அதே புட்டு. மஞ்சள் போட்டு வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, கையால் பூப்போல உதிர்க்க வேண்டும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு வதக்கி, மிளகாய்க்குப் பதில் மிளகுத்தூள் போட்டுக் கிளறுங்கள். வறண்டு இருந்தால் அடைக்கும். கொஞ்சம் ஈரப்பதமாகவே இறக்குங்கள். அரைக் கிண்ணம் போதும், ஒரு வேளைப் புரதம் முடிந்தது.

பீச் பக்கத்து பர்மா கடை அத்தோ, முட்டை பேஜோ, சாயங்கால பஜ்ஜி இவை எல்லாம் என்றென்றைக்கும் இல்லை என்று நினைத்து மனம் உடைய வேண்டாம். ஆனால் முதல் ஆறு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பைபாஸ் ஆனவர்கள் இனிப்பில் ரொம்ப கவனமாக இருக்க வேண்டும். ஒரு குலாப் ஜாமூன் சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வேர்வை, வயிற்றுப்போக்கு என்று ஆளைச் சாய்த்துவிடும்.

சரி, எத்தனை கிலோ?

ஸ்லீவ், பைபாஸ் இரண்டிலுமே ஒரு வருடம், ஒன்றரை வருட முடிவில் மொத்த எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் நல்ல பலன். பைபாஸில் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். 100 கிலோ உள்ளவர் 70, 75க்கு வருவார், 50க்கு வர மாட்டார். இதை முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். என் கணக்கு: ஆபரேஷன் அன்று 118. ஒரு மாதத்தில் 109, மூன்று மாதத்தில் 98, ஆறு மாதத்தில் 88, ஒரு வருடத்தில் 80. முதல் மாதம் ஒன்பது கிலோ, கடைசி ஆறு மாதத்துக்குச் சேர்த்தே எட்டு கிலோ. வேகம் இப்படித்தான் குறையும். ஆண்களுக்கும், ஆரம்ப எடை அதிகம் உள்ளவர்களுக்கும் கிலோக்கணக்கில் அதிகம் இறங்கும். அடுத்த கட்டில்காரரோடு ஒப்பிடாதீர்கள்.

மூன்றாவது வாரத்தை ஒட்டி எடை அப்படியே நின்றுவிடும். பலர் இங்கேதான் பயந்துபோய், சாப்பிடுவதையும் நிறுத்திவிடுகிறார்கள். நடப்பது இதுதான்: முதல் நாட்களில் உடம்பு தன் கையிருப்பில் உள்ள கிளைக்கோஜனை (சேமித்து வைத்த சர்க்கரை) செலவழிக்கும். அதோடு கட்டியிருந்த தண்ணீரும் வெளியேறுவதால் எடை மளமளவென்று இறங்கும். பிறகு உடம்பு அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பப் பிடித்துவைக்கும். கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கும், மெஷினில் தெரியாது. எனக்குப் பதினோரு நாள் முள் அசையவில்லை. ரவிக்கை மட்டும் தளர்ந்துகொண்டே போயிற்று. வாரத்துக்கு ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். தினமும் ஏறி நிற்பதால் கவலைதான் மிஞ்சும். டேப்பால் இடுப்பளவை மாதம் ஒருமுறை எழுதி வைத்தால் அது உண்மையைச் சொல்லும்.

நடை ரொம்ப எளிது. முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம். இரண்டாம் வாரத்திலிருந்து நைனாவோடு ராபின்சன் பூங்காவுக்குப் போனேன். 1949இல் அங்கே மழையில் நடந்த திமுக தொடக்கக் கூட்டத்தைப் பற்றி அவர் அப்பா சொன்னதை ஒவ்வொரு சுற்றிலும் சொல்வார். கதை முடிவதற்குள் இரண்டு சுற்று முடிந்துவிடும். ஒரு மாதத்தில் அரை மணி நேரம் தொடர்ந்து நடக்க முடிந்தது. மூன்று மாதத்துக்கு மேல் டாக்டரைக் கேட்டுத் தசைக்கான பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை, முடி, மற்றவை

மல்டி வைட்டமின், கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து. இவை எடை இறங்கியதும் நிறுத்துகிற மாத்திரைகள் இல்லை, ஆயுசுக்கும் வேண்டும். அளவை டாக்டர் சொல்வார். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், குறைந்தது இரண்டு மணி இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையோடு டீயும் ஆகாது. எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம் என்பதால் சிலருக்கு ஆறு மாதம் அதற்கும் மாத்திரை கொடுப்பார்கள். மூட்டு வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் வகை மாத்திரைகள் இனி வேண்டாம், இரைப்பையில் புண் ஆகும். பைபாஸ்காரர்களுக்கு இது கண்டிப்பான தடை. பாராசிட்டமால் போடலாம்.

மூன்றாம் மாதத்துக்கு மேல் முடி கொட்டும். சீப்பில் கொத்தாக வந்தபோது நான் அழுதேன். ஆபரேஷனின் அதிர்ச்சியும் வேகமான எடைக்குறைவும் சேர்ந்து முடியை ஓய்வு நிலைக்குத் தள்ளுவதால் வருவது இது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் ஆறு மாதம் போல ஆகித் திரும்ப முளைக்கும். எனக்கு முளைத்தது.

கல்யாணமான பெண்கள் இதைக் கவனியுங்கள். எடை இறங்கினால் மாதவிலக்கு சீராகும், கருத்தரிக்கும் வாய்ப்பு திடீரென்று கூடும். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பார்கள், வயிற்றில் வளரும் பிள்ளைக்குச் சத்து போதாது. பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை முழுதாக வேலை செய்யாமல் போகலாம், வேறு முறையை டாக்டரிடம் கேளுங்கள்.

ஆண்களுக்கு ஒன்று. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சரக்கு மிக வேகமாக ரத்தத்தில் ஏறும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடிப் பழக்கமாகிவிட்டவர்கள் இருக்கிறார்கள். சிகரெட்டும் ஆகாது, தையல் ஆறாது, புண் வரும்.

சொந்தக்காரர்கள் "எலும்பும் தோலுமா ஆயிட்டியே, ஏதாவது சீக்கா?" என்று கேட்பார்கள். ஆயாவே எனக்கு ஒளித்து ஒரு கிண்ணம் பாயசம் எடுத்து வந்தாங்க. கோபப்படவில்லை. சுறாப்புட்டு செய்து தரச் சொல்லிக் கேட்டேன். அவங்களுக்கும் எனக்கு ஊட்டிய திருப்தி, எனக்கும் புரதம். ஆனால் தனியாக உட்கார்ந்து அழுகை வந்துகொண்டே இருந்தால், தூக்கம் கெட்டால், மனநல டாக்டரைப் பாருங்கள். இது இந்த சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

இரண்டாம் வருடம்

80க்கு வந்த நான் இப்போது 82. இரண்டு மூன்று கிலோ திரும்புவது சகஜம் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். சாயங்காலம் டீயில் தோய்த்த பிஸ்கட் நாலு, சில நாள் ஆறு. குழைந்த இனிப்பு சின்ன வயிற்றில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு நிறைந்த மாதிரியே தெரியாது. இப்போது அந்த நேரத்துக்கு அவித்த முட்டை ஒன்றும் சுண்டல் ஒரு கைப்பிடியும். ஐந்து கிலோவுக்கு மேல் ஏறினால் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாமல் டாக்டரிடம் போங்கள்.

ரத்தப் பரிசோதனையை முதல் வருடம் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும் அப்புறம் வருடா வருடமும் செய்துகொள்ள வேண்டும். ஹீமோகுளோபின், இரும்பு இருப்பு, பி12, போலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம், சுகர் எல்லாம் அதில் இருக்கட்டும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நான் ஒன்றரை வருடத்தில் மூன்று மாதம் பி12 போடாமல் விட்டேன். பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் எம்.சி. ரோட்டில் பத்தடி நடந்திருக்கிறேன். ரத்தம் பார்த்ததில் பி12 பாதாளத்தில் இருந்தது. ஊசி போட்டு உணர்ச்சி திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது மாத்திரை டப்பா பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே இருக்கிறது.